210 மெகாவாட் ஜெனரேட்டர்: பெயர்ப்பலகையை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை முதல் நிலை ஆகிய அனல் மின் நிலையங்களில் நெடுங்காலமாகப் பாரம் சுமப்பவை 210 மெகாவாட் யூனிட்டுகள். இந்த வரிசையில் பரவலாக இருப்பது பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) நிறுவனத்தின் டிஎச்டபிள்யூ-210-2 வகை ஜெனரேட்டர். அசையாத பாகமான ஸ்டேட்டரின் சுருளுக்குள் தண்ணீர் ஓடும். சுழலும் பாகமான ரோட்டரையும், ஸ்டேட்டரின் இரும்புப் பகுதியான கோரையும் ஹைட்ரஜன் குளிர்விக்கும். கீழே உள்ள வழிமுறை இந்த வகையை வைத்து எழுதியது. வேறு மெஷின் என்றால் உங்கள் பெயர்ப்பலகை எண்களைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்துகொள்ளுங்கள். முறை மாறாது.

பேனல் முன் உட்காருபவர் பலருக்கும் "210" என்ற ஒரே எண்தான் மனதில் நிற்கும். அது டர்பைன் கொடுக்கும் மெகாவாட். ஜெனரேட்டரின் உண்மையான ரேட்டிங் 247 எம்விஏ (வேலை செய்யும் மெகாவாட்டும், வேலை செய்யாமல் போய் வரும் மெகாவாரும் சேர்ந்த அளவு), அதுவும் 15.75 கேவி, பவர் ஃபேக்டர் 0.85 லேக், 50 ஹெர்ட்ஸ், ஹைட்ரஜன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ என்ற நிபந்தனைகளோடு. இந்த நிபந்தனைகள் மாறினால் 247 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பலகையில் மீதி இருப்பவை: ஸ்டேட்டர் கரண்ட் 9,050 ஆம்ப், வேகம் 3,000 ஆர்பிஎம், இணைப்பு இரட்டை ஸ்டார், எக்ஸைட்டேஷன் (ரோட்டரைக் காந்தமாக்கக் கொடுக்கும் டிசி) 310 வோல்ட், 2,600 ஆம்ப்.

பலகையில் எழுதாத சில எண்களை அதிலிருந்தே எடுக்கலாம். கோளாறு நேரத்தில் கைகொடுப்பவை இவைதான், லாக் புக் அட்டையின் உட்பக்கம் எழுதி வையுங்கள்:

ரேட்டட் மெகாவார் = 247-இன் வர்க்கத்திலிருந்து 210-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் = 130
ஃபேஸ் வோல்டேஜ் = 15.75 ÷ 1.732 = 9.09 கேவி
வோல்ட்/ஹெர்ட்ஸ் = 15.75 ÷ 50 = 0.315 (இதுதான் 100%)
சூடான ரோட்டரின் ரெசிஸ்டன்ஸ் = 310 ÷ 2,600 = ஏறக்குறைய 0.119 ஓம்
வோல்டேஜ் எல்லை ±5% = 14.96 முதல் 16.54 கேவி வரை

அலாரம், ட்ரிப் செட்டிங்குகளை உங்கள் நிலையத்தின் செட்டிங் ஷீட்டில் பாருங்கள். ஒரே மாடல் மெஷினுக்கே நிலையத்துக்கு நிலையம் அவை மாறும்.

அறிகுறி: மெகாவாட் குறைவு, ஆம்ப் மட்டும் முழுசு

லோடு 190 மெகாவாட்தான், ஆனால் ஸ்டேட்டர் கரண்ட் 9,050-ஐத் தொட்டு நிற்கிறது. முதலில் மீட்டர் சரியா என்று பாருங்கள். மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி காட்டினால் அநேகமாகச் சரி. ஒன்று மட்டும் விலகினால் சிடி (கரண்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) சர்க்யூட்டில் லூஸ் லிங்க் இருக்கலாம். 10,000/5 சிடி என்றால் 9,050 ஆம்புக்கு செகண்டரியில் 4.53 ஆம்ப் வர வேண்டும். டெஸ்ட் பிளாக்கில் அளந்து ஒப்பிடுங்கள். ஓடும் மெஷினில் சிடி செகண்டரியை எந்தக் காரணத்துக்காகவும் திறந்து விடாதீர்கள்.

மீட்டர் சரியென்றால் டெர்மினல் வோல்டேஜைப் பாருங்கள். 15.0 கேவி இருந்தால்:

எம்விஏ = 1.732 × 15.0 × 9.05 = 235
மெகாவார் = 235 வர்க்கம் கழித்தல் 190 வர்க்கம், அதன் வர்க்கமூலம் = 138
பவர் ஃபேக்டர் = 190 ÷ 235 = 0.81

விஷயம் புரிந்துவிடும். மெஷின் மெகாவாட்டைக் குறைவாகக் கொடுத்தாலும் 138 மெகாவார் தள்ளுகிறது, அதையும் குறைந்த வோல்டேஜில். அதே 235 எம்விஏ 15.75 கேவியில் வந்திருந்தால் கரண்ட் 8,620 ஆம்போடு நின்றிருக்கும்.

எக்ஸைட்டேஷனைக் குறைத்தால் மெகாவார் இறங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த நிலைமையில் அது பாதி மருந்துதான். டெர்மினல் வோல்டேஜ் ஏற்கெனவே 15.0-வில் இருக்கிறது. 'லோயர்' பட்டனை இரண்டு முறை தட்டினால் 14.96-க்குக் கீழே போய்விடும். ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் கருவி) பட்டனுக்குப் போகும் முன் பக்கத்து யூனிட்டுகளின் மெகாவாரைப் பாருங்கள். இது 138, மற்றவை தலா 60 என்றால் கிரிட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலையத்துக்குள்ளேயே பங்கீடு கெட்டிருக்கிறது. மற்ற யூனிட்டுகளின் எக்ஸைட்டேஷனைக் கொஞ்சம் ஏற்றுங்கள். 230 கேவி பஸ் வோல்டேஜ் சற்று உயரும், இந்த மெஷினின் மெகாவார் தானாக இறங்கும், டெர்மினல் வோல்டேஜும் விழாது.

பங்கீடு அடிக்கடி இப்படிக் கோணினால் காரணம் இரண்டில் ஒன்று. ஏவிஆரின் டிரூப் (மெகாவார் ஏற ஏற வோல்டேஜை எவ்வளவு இறக்குவது என்ற) செட்டிங் யூனிட்டுக்கு யூனிட் வேறாக இருக்கலாம். அல்லது ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மர்களின் டேப் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கலாம். ஓவர்ஹாலுக்குப் பிறகு டேப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறப்பது சகஜம். லோடில் டேப் மாற்ற முடியாத டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அடுத்த ஷட் டவுனில்தான் திருத்த முடியும். இப்போதே குறித்து வையுங்கள்.

எல்லா யூனிட்டும் ஒரே மாதிரி மெகாவார் சுமந்தால் பிரச்சினை வெளியே இருக்கிறது. லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு (கிரிட்டை நடத்தும் மையம்) சொல்லுங்கள். அவர்கள் பக்கத்தில் வழி பிறக்கும்வரை ஸ்டேட்டர் கரண்டை 9,050-க்குள் வைக்க மெகாவாட்டைத்தான் குறைக்க வேண்டும். "சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60034-3 ஸ்டேட்டருக்கு ஒன்றரை மடங்கு கரண்டை 30 விநாடி அனுமதிக்கிறதே" என்ற வாதம் ஷிப்டில் கிளம்பும். அது கிரிட்டில் ஃபால்ட் வரும்போது மெஷின் தாங்க வேண்டிய அளவு. அதை லோடு ஏற்ற எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறிகுறி: மெகாவார் லீடிங் பக்கம் சாய்கிறது

மழைக்காலத்து இரவு, பம்ப் செட் லோடு இல்லை, லைன்களில் வோல்டேஜ் ஏறிக் கிடக்கிறது. ஏவிஆர் டெர்மினல் வோல்டேஜைப் பிடித்து வைக்க எக்ஸைட்டேஷனைக் குறைத்துக்கொண்டே போகும். மெஷின் மெகாவாரை வாங்க ஆரம்பிக்கும். இது கோளாறு இல்லை. ஆனால் 130 மெகாவார் கொடுக்க முடிந்த மெஷின் 130 வாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கேப்பபிலிட்டி கர்வின் (மெஷின் தாங்கும் மெகாவாட், மெகாவார் எல்லையைக் காட்டும் வரைபடம்) இடது பக்கம் மிகக் குட்டை. அண்டர் எக்ஸைட்டேஷனில் ரோட்டரின் ரிடெய்னிங் ரிங் பகுதியில் காந்தச் செறிவு தளர்ந்து, ஸ்டேட்டர் கோரின் இரு முனைத் தகடுகளுக்குள் ஃப்ளக்ஸ் பக்கவாட்டில் நுழையும். முனைத் தகடுகள் சூடேறும். சுருளின் ஆர்டிடி (டெம்பரேச்சர் சென்சார்) இதைக் காட்டாது. எண்ட் கோர் டெம்பரேச்சர் பாயின்டைத்தான் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது: அண்டர் எக்ஸைட்டேஷன் லிமிட்டர் சர்வீஸில் இருக்கிறதா என்று உறுதிசெய்து, லீடிங் மெகாவாரை கர்வுக்குள் கொண்டு வாருங்கள். லிமிட்டர் வேலை செய்தும் சாய்வு நிற்கவில்லை, ரோட்டர் கரண்ட் பூஜ்யம் நோக்கிப் போகிறது, ஸ்டேட்டர் கரண்ட் ஏறி ஊசலாடுகிறது என்றால் அது எக்ஸைட்டேஷன் போன மெஷின். அப்போது பட்டனைத் தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. 40 என்ற எண்ணுள்ள ரிலே ட்ரிப் செய்ய வேண்டும்; செய்யவில்லை என்றால் கையால் ட்ரிப் செய்யுங்கள். ட்ரிப்புக்குப் பிறகு ஃபீல்டு பிரேக்கர், பிரேக்கர் சப்ளையின் டிசி ஃபியூஸ், தைரிஸ்டர் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கி ரோட்டருக்குத் தருவது) ஃபியூஸ், பல்ஸ் கார்டு, எக்ஸைட்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர் புரொடெக்‌ஷன் என்ற வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: 3,000 ஆர்பிஎம் வந்தும் வோல்டேஜ் எழவில்லை

ஸ்டேட்டிக் எக்ஸைட்டேஷனுக்கு மின்சாரம் ஜெனரேட்டர் டெர்மினலிலிருந்தே வருகிறது. ஆரம்பத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. மிச்சக் காந்தம் தரும் வோல்டேஜ் தைரிஸ்டரைத் தூண்டப் போதாது. அதனால் ஸ்டேஷன் பேட்டரியின் 220 வோல்ட் டிசியிலிருந்தோ ரெக்டிஃபையரிலிருந்தோ சில விநாடி ஃபீல்டு ஃப்ளாஷிங் கொடுத்து, வோல்டேஜ் ஓரளவு எழுந்ததும் ஏவிஆர் பொறுப்பேற்கும். எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

ரோட்டர் கரண்ட் துளியும் இல்லை: ஃபீல்டு பிரேக்கர் மூடவில்லை, ஃப்ளாஷிங் கான்டாக்டர் பிடிக்கவில்லை, அல்லது ஸ்பீட் பெர்மிசிவ் வரவில்லை. ஸ்லிப் ரிங்கில் (ரோட்டருக்குக் கரண்ட் கொண்டுபோகும் வளையம்) பிரஷ் எல்லாம் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓவர்ஹால் முடிந்து தூக்கி வைத்த பிரஷை இறக்க மறந்த கதை எல்லா நிலையத்திலும் உண்டு.

கரண்ட் வந்து, வோல்டேஜ் கொஞ்சம் எழுந்து, திரும்ப விழுகிறது: ஃப்ளாஷிங் டைமர் முடிந்தும் பிரிட்ஜ் பொறுப்பேற்கவில்லை. எக்ஸைட்டேஷன் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி சப்ளை, ஃபேஸ் வரிசை, பல்ஸ் சப்ளை பாருங்கள். மிச்சக் காந்தத்துக்கு எதிராக ஃப்ளாஷிங் போலாரிட்டி மாறியிருந்தாலும் எழுச்சி மந்தமாக இருக்கும்.

ரோட்டர் கரண்ட் இருக்கிறது, வோல்ட்மீட்டர் மட்டும் எழவில்லை: இதுதான் ஆபத்தான வகை. பிடி (வோல்டேஜைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) ஃபியூஸ் போயிருந்தால் மீட்டரும் பொய் சொல்லும், ஏவிஆரும் அந்தப் பொய்யை நம்பி எக்ஸைட்டேஷனை மேலும் ஏற்றும். வோல்ட்மீட்டரைவிட ரோட்டர் ஆம்பை நம்புங்கள். லோடு இல்லாமல் ரேட்டட் வோல்டேஜுக்கு எவ்வளவு ரோட்டர் ஆம்ப் போதும் என்பது உங்கள் ஓப்பன் சர்க்யூட் கர்வில் இருக்கும். அந்த அளவைத் தாண்டியும் மீட்டர் பேசாமல் இருந்தால் உடனே ஃபீல்டு பிரேக்கரைத் திறங்கள்.

வேகம் குறைவாக இருக்கும்போது எக்ஸைட்டேஷன் கொடுப்பதும் இதே குடும்பத்துப் பிழை. 2,700 ஆர்பிஎம்மில் 15.75 கேவி எழுப்பினால் 15.75 ÷ 45 = 0.35; அதாவது 111%. மெஷின் ஓவர் வோல்டேஜ் காட்டாது, ஆனால் ஜெனரேட்டர் கோரும் டிரான்ஸ்ஃபார்மர் கோரும் ஓவர் ஃப்ளக்ஸில் இருக்கும்.

அறிகுறி: ரோட்டர் டெம்பரேச்சர் ஏறுகிறது, அல்லது வைப்ரேஷன் மெகாவாரோடு சேர்ந்து ஆடுகிறது

சுழலும் ரோட்டருக்குள் தெர்மாமீட்டர் கிடையாது. பேனலில் காட்டும் "ரோட்டர் டெம்பரேச்சர்" வோல்டேஜையும் கரண்டையும் வகுத்து எடுத்த ரெசிஸ்டன்ஸிலிருந்து வந்த கணக்கு. அதைக் கையாலும் போடலாம்:

சூட்டு டெம்பரேச்சர் = (சூட்டு ரெசிஸ்டன்ஸ் ÷ குளிர் ரெசிஸ்டன்ஸ்) × (235 + குளிர் டெம்பரேச்சர்) − 235

உதாரணமாக, 20 டிகிரியில் அளந்தது 0.090 ஓம், ஓட்டத்தில் 2,400 ஆம்ப், 274 வோல்ட். 274 ÷ 2,400 = 0.114. வகுத்தால் 1.267, 255-ஆல் பெருக்கினால் 323, 235 கழித்தால் 88 டிகிரி. வோல்டேஜை எங்கே அளக்கிறீர்கள் என்பது முக்கியம். எக்ஸைட்டேஷன் பேனலில் அளந்தால் பிரஷ் டிராப்பும் கேபிள் டிராப்பும் சேரும். 3 வோல்ட் கூடுதலாகக் காட்டினாலே மேலே உள்ள கணக்கில் மூன்றரை டிகிரிக்கு மேல் தப்பு வரும்.

இந்தக் கணக்கு எந்தப் பக்கம் விலகுகிறது என்பதில்தான் நோய் தெரியும். அதே ரோட்டர் ஆம்புக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது, கோல்டு கேஸ் டெம்பரேச்சரும் ஏறியிருக்கிறது என்றால் கேஸ் கூலர் பக்கம் போங்கள்: கூலரின் தண்ணீர் வால்வு, உள்ளே காற்று அடைத்திருப்பது, குழாய்களில் படிந்த சேறு. கோல்டு கேஸ் அப்படியே இருந்து ரெசிஸ்டன்ஸ் மட்டும் ஏறினால் பிரஷ் கான்டாக்ட் அல்லது லீட் ஜாயின்ட்.

ரெசிஸ்டன்ஸ் வழக்கத்தைவிடக் குறைகிறது, அதே மெகாவாட்டுக்கும் மெகாவாருக்கும் முன்னைவிட அதிக ரோட்டர் ஆம்ப் தேவைப்படுகிறது என்றால் சுற்றுகளுக்கிடையே ஷார்ட் என்று சந்தேகிக்க வேண்டும். சில சுற்றுகள் வேலையிலிருந்து விலகிவிட்டன. மீதிச் சுற்றுகளில் கரண்ட் கூட்டித்தான் அதே காந்தப்புலம் கிடைக்கிறது. ரோட்டரின் ஒரு காந்த முனை (போல்) பக்கம் சூடு குறைவு, மறு பக்கம் அதிகம், தண்டு லேசாக வளையும், வைப்ரேஷன் வரும்.

உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. மெகாவாட்டை 180-இல் நிலையாகப் பிடித்து வையுங்கள். மெகாவாரை 20-லிருந்து 100 வரை படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ரோட்டர் சூடு நிலைக்கும்வரை பொறுத்து, ஜெனரேட்டரின் இரண்டு பேரிங்கிலும் வைப்ரேஷன் அளவையும் ஃபேஸ் கோணத்தையும் குறியுங்கள். பிறகு அதே படிகளில் இறக்குங்கள். வைப்ரேஷன் மெகாவாரோடு ஏறி அதனோடே இறங்கினால் ரோட்டர் சூட்டுக்கு வளைகிறது. மெகாவாரைக் கண்டுகொள்ளாமல் மெகாவாட்டோடு மட்டும் மாறினால் அலைன்மென்ட், டர்பைன், கப்ளிங் பக்கம் தேடுங்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் நாளாக ஆக ஏறிக்கொண்டே போனால் பேலன்ஸிங் ஆட்களை அழைப்பதற்கு முன் பேரிங்கையும் பீடத்தின் போல்ட்டுகளையும் பாருங்கள். ரோட்டர் சூட்டுக்கு வளையும் மெஷினில் பேலன்ஸ் வெயிட் போடுவது வீண். ஒரு மெகாவாருக்குச் சரியானது இன்னொன்றுக்குத் தப்பாகிவிடும்.

சுற்று ஷார்ட் சிறியதாக இருந்தால் மெகாவாரைக் கட்டுப்படுத்தி அடுத்த ஓவர்ஹால்வரை ஓட்டுவது நடைமுறையில் உள்ளதுதான். ஆனால் அது ரோட்டர் எர்த் ஃபால்ட்டாக மாறலாம் என்பதால் அதைக் கண்டறியும் 64 எஃப் ரிலே கட்டாயம் சர்வீஸில் இருக்க வேண்டும்.

அறிகுறி: ரோட்டர் எர்த் ஃபால்ட் அலாரம்

ஒரு இடத்தில் எர்த் ஆனால் மெஷின் ஓடும். இரண்டாவது இடத்திலும் ஆனால் கரண்ட் ரோட்டர் இரும்பு வழியாகப் போய்ப் பெரும் சேதம் செய்யும். முதல் அலாரத்தையே கடைசி எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் குற்றவாளி பெரும்பாலும் ரோட்டருக்கு வெளியே இருக்கும். ஸ்லிப் ரிங் கூண்டில் படியும் கார்பன் தூள், அதோடு சேரும் சீல் ஆயில் (தண்டு வழியே ஹைட்ரஜன் கசியாமல் தடுக்கும் எண்ணெய்) புகை. இரண்டும் கலந்தால் பசை போலப் படிந்து கரண்ட் கடத்தும். முதலில் அந்த இடத்தை வாக்குவம் வைத்துச் சுத்தம் செய்து அலாரம் விடுகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸ்டு ஏர் அடிக்காதீர்கள், தூள் இன்னும் உள்ளே போய் உட்காரும். அடுத்து எக்ஸைட்டேஷன் பேனலிலிருந்து பிரஷ் கியர்வரை வரும் டிசி கேபிள், பஸ் பார். மெஷின் நின்ற பிறகு பிரஷை எல்லாம் தூக்கி, 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் கருவி) ரோட்டரைத் தனியாகவும் வெளிச் சர்க்யூட்டைத் தனியாகவும் அளந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மெக்கர் வைக்கும் முன் தைரிஸ்டர் பிரிட்ஜையும் ரிலேயையும் பிரிக்கவும்.

அறிகுறி: பிரஷில் தீப்பொறி

2,600 ஆம்பும் இந்த பிரஷ்கள் வழியாகத்தான் போகிறது. எல்லாம் சமமாகப் பங்குபோட்டால் சிக்கலில்லை. டிசி கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு பிரஷின் பிக்டெயிலிலும் (இணைப்பு வயர்) வைத்து அளந்து எழுதுங்கள். ஒன்று 20, பக்கத்தது 120 என்று இருந்தால் பொறிக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தது, ஹோல்டரில் பிரஷ் மாட்டிக்கொண்டது, பிக்டெயில் ரிவெட் தளர்ந்தது, அல்லது இரண்டு கிரேடு பிரஷ் கலந்தது. கடைசியாகச் சொன்னதுதான் ஸ்டோர்ஸில் கிடைத்ததைப் போட்டு ஓட்டும் இடங்களில் அடிக்கடி நடக்கிறது. ஒரே ரிங்கில் இரண்டு கிரேடு கூடவே கூடாது.

ஓட்டத்தில் மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பிரஷ் மட்டும். புது பிரஷின் முகத்தை ரிங் வளைவுக்குக் கண்ணாடித் தூள் பேப்பரால் தேய்த்துப் பொருத்துங்கள். எமரி பேப்பரின் துகள் பிரஷில் பதிந்து ரிங்கைக் கீறும். ரப்பர் பாயில் நின்று, ஒரு போலை (பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் முனை) மட்டும் தொட்டு வேலை செய்யவும். ரோட்டர் எர்த் செய்யப்படாத சர்க்யூட் என்பதால் ஒரு போலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்பாதீர்கள். எங்காவது ஒரு எர்த் ஏற்கெனவே இருந்தால் உங்கள் உடல்தான் இரண்டாவது எர்த்.

இரண்டு ரிங்கும் ஒரே வேகத்தில் தேயாது. ஷட் டவுன்களில் போலாரிட்டியை மாற்றிப்போட்டால் தேய்மானம் சமமாகும்.

அறிகுறி: ஸ்டேட்டர் சுருளில் ஒரு பாயின்ட் மட்டும் சூடு

எல்லா பாயின்டும் ஏறினால் தண்ணீரைப் பாருங்கள்: ஃப்ளோ, இன்லெட் டெம்பரேச்சர், ஃபில்டரின் இருபக்க அழுத்த வித்தியாசம், கூலர். ஒன்று மட்டும் ஏறினால் முதலில் சென்சாரைச் சந்தேகியுங்கள். பிடி-100 (பிளாட்டினம்) ஆர்டிடி 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்டும். லூஸ் கனெக்‌ஷன் ஓமைக் கூட்டும், அதனால் டெம்பரேச்சர் ஏறியதாகத் தெரியும். பழைய யூனிட்டுகளில் 53 ஓம் செப்பு ஆர்டிடி இருக்கும். டிசிஎஸ் (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) மாற்றும்போது இன்புட் வகையைத் தப்பாகக் கொடுத்தால் ஒரு குரூப் முழுக்க அபத்தமாகக் காட்டும்.

சென்சார் சரி, அந்த பாரின் (சுருளின் ஒரு செப்புத் தண்டு) தண்ணீர் அவுட்லெட்டும் சராசரியிலிருந்து விலகி ஏறுகிறது என்றால் உள்ளீடற்ற செப்புக் குழலில் அடைப்பு. பெரும்பாலும் செப்பு ஆக்சைடு. தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் இரண்டுங்கெட்டான் அளவில் இருக்கும்போது அது வேகமாக உருவாகும். கண்டக்டிவிட்டி 5 மைக்ரோ சீமென்ஸுக்குக் கீழே இருந்தாலும் இது நடக்கும் என்பதால் "கண்டக்டிவிட்டி நார்மல்" என்ற ஒரே வரியை வைத்து விட்டுவிடாதீர்கள். லோடைக் குறைத்துச் சூட்டை எல்லைக்குள் வைத்து, ஷட் டவுனில் எதிர்த் திசையில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தீராவிட்டால் கெமிக்கல் கிளீனிங். அதை மெஷின் தயாரித்தவர்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

அறிகுறி: ஹைட்ரஜன் அழுத்தம் இறங்குகிறது

கசிவு என்று ஓடும் முன் டெம்பரேச்சரைத் திருத்திக் கணக்கிடுங்கள். மாலையில் 3.50 கிலோ, வாயுச் சராசரி 40 டிகிரி. காலையில் 3.40, 36 டிகிரி. காற்றழுத்தம் 1.03-ஐச் சேர்த்தால் மாலை அழுத்தம் 4.53. நாலு டிகிரி குளிர்ந்ததற்கே 4.53 × 4 ÷ 313 = 0.06 கிலோ இறங்கும். உண்மைக் கசிவு 0.04 மட்டும். கூட்டின் வாயுக் கொள்ளளவு 56 கனமீட்டர் என்று வைத்தால் 56 × 0.04 ÷ 1.03 = 2.2 கனமீட்டர். டெம்பரேச்சரைக் கணக்கில் எடுக்காதவர் 5.4 என்று எழுதியிருப்பார்.

கசிவு நிஜம் என்றால் வெளியே ஃபிளேஞ்ச், வால்வு கிளாண்ட், சோதனைப் புள்ளி எல்லாம் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். பஸ் டக்ட்டில் (ஜெனரேட்டரின் கடத்திகள் போகும் மூடிய கூடு) ஹைட்ரஜன் டிடெக்டர் ஏதாவது காட்டினால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள். மூடிய டக்ட்டில் சேரும் வாயு காற்றோடு 4 முதல் 75% வரை எந்தக் கலவையிலும் வெடிக்கும். வெளியே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மூன்று இடம் பாக்கி: சீல் ஆயிலோடு போவது, கேஸ் கூலர் தண்ணீரோடு போவது, ஸ்டேட்டர் தண்ணீரோடு போவது.

ஸ்டேட்டர் தண்ணீர் டேங்க் வென்ட்டில் ஹைட்ரஜன் கூடினால் டெஃப்லான் ஹோஸிலோ பாரின் பிரேசிங் ஜாயின்டிலோ விரிசல். ஓட்டத்தில் ஹைட்ரஜன் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம் என்பதால் வாயு தண்ணீருக்குள் போகிறது. இன்சுலேஷன் தற்காலிகமாகத் தப்பிக்கிறது. இந்த மெஷினை நிறுத்தி ஹைட்ரஜனை வெளியேற்றும்போதுதான் அபாயம்: வாயு அழுத்தம் இறங்கி, தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் அதே விரிசல் வழியாகத் தண்ணீர் இன்சுலேஷனுக்குள் இறங்கும். அழுத்தத்தை இறக்கும் முன் ஸ்டேட்டர் தண்ணீர் பம்பை நிறுத்துங்கள். வெளியேற்றும்போது ஹைட்ரஜனும் காற்றும் நேராகச் சந்திக்கவே கூடாது. நடுவில் கார்பன் டை ஆக்சைடு.

அழுத்தத்தை 3.5-இல் பிடிக்க முடியவில்லை என்றால் லோடையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தனிக் கேப்பபிலிட்டி கர்வ் உண்டு. மெகாவாட்டை மட்டும் குறைத்து மெகாவாரை அப்படியே விடுவது இங்கே வழக்கமான தப்பு. அடர்த்தி குறைந்த வாயுவால் அதிகம் பாதிக்கப்படுவது ரோட்டர், அதைச் சூடாக்குவது ரோட்டர் கரண்ட்.

தூய்மை இறங்குவது தனிக் கதை. ஹைட்ரஜனின் அடர்த்தி காற்றில் பதினான்கில் ஒரு பங்கு. அதனால் 97% தூய்மையிலேயே வாயுக் கலவை சுத்த ஹைட்ரஜனைவிட 40% கனமாகிவிடும். 90% ஆனால் இரண்டேகால் மடங்குக்கு மேல். விசிறியும் ரோட்டரும் அந்தக் கனத்தைச் சுற்ற வேண்டும். காற்று நுழையும் வழி பெரும்பாலும் சீல் ஆயில்தான். சீல் ஆயில் வாக்குவம் டேங்க் இருந்தால் வாக்குவத்தைப் பாருங்கள். சீலின் ஆயில் அழுத்தம் வாயுவைவிட எப்போதும் செட்டிங் அளவு கூடுதலாக நிற்கிறதா என்று பாருங்கள். தூய்மை மீட்டரின் மாதிரிக் குழாயில் ஆயில் அடைத்தாலும் தப்பாகக் காட்டும்.

அறிகுறி: லிக்விட் டிடெக்டர் அலாரம்

கண்ணாடி ஜாரில் பிடித்துப் பாருங்கள். ஆயில் என்றால் சீல் பக்கம். தண்ணீர் என்றால் கண்டக்டிவிட்டி அளந்தால் போதும்: மிகக் குறைவாக இருந்தால் ஸ்டேட்டர் தண்ணீர் அல்லது வாயுவின் ஈரம் குளிர்ந்து சொட்டியது, அதிகமாக இருந்தால் கூலர் தண்ணீர். கூலரை ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்திக் கண்டுபிடிக்கலாம்; ஒரு கூலர் இல்லாமல் ஓட்ட எவ்வளவு லோடு அனுமதி என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வால்வை மூடுங்கள்.

அறிகுறி: நெகட்டிவ் சீக்வென்ஸ் அலாரம்

மூன்று ஃபேஸ் கரண்டும் சமமில்லை. ரோட்டர் மேற்பரப்பில் 100 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடி ஆப்புகளையும் ரிடெய்னிங் ரிங்கையும் சுடும். 350 எம்விஏ வரை நேரடியாகக் குளிர்விக்கும் ரோட்டருக்கு ஐஇசி வரம்பு தொடர்ச்சியாக ரேட்டட் கரண்ட்டின் 8%. இந்த மெஷினில் 724 ஆம்ப். குறுகிய நேரத்துக்கு, நெகட்டிவ் சீக்வென்ஸ் கரண்ட்டின் பர்-யூனிட் அளவின் (ரேட்டட் கரண்டை 1 என்று வைத்தது) வர்க்கத்தை விநாடியால் பெருக்கினால் 8-ஐத் தாண்டக் கூடாது. 30% இருந்தால் 8 ÷ 0.09 = 89 விநாடி. 50% என்றால் 32 விநாடிதான்.

சிங்க்ரனைஸ் செய்த உடனே அல்லது பிரேக்கர் திறந்த உடனே இந்த அலாரம் வந்தால் 230 கேவி பிரேக்கரின் ஒரு போல் (ஒரு ஃபேஸுக்கான சுவிட்ச்) மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது வந்திருந்தால் டர்பைனை ட்ரிப் செய்தால் மட்டும் தீராது. மூடிய போல் வழியாக மெஷின் கிரிட்டிலிருந்து இழுபடும். அந்த பஸ்ஸில் உள்ள மற்ற பிரேக்கர்களைத் திறந்துதான் விடுவிக்க வேண்டும். அதற்குத்தான் பிரேக்கர் ஃபெயிலியர் புரொடெக்‌ஷன். அது நடக்கும்வரை எக்ஸைட்டேஷனைக் குறைத்துக் கரண்டை இறக்குங்கள். பிரேக்கர் சரியாக இருந்து, ஓடும் லோடில் மெல்ல ஏறினால் கிரிட்டில் எங்கோ ஒரு ஃபேஸ் திறந்திருக்கிறது. பக்கத்து யூனிட்டுகளிலும் அதே அலாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு லோடு டெஸ்பாட்சுக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஸ்டேட்டர் எர்த் ஃபால்ட்டில் ட்ரிப்

ட்ரிப் ஆன நேரத்தின் டிஸ்டர்பன்ஸ் ரிக்கார்டை எடுங்கள். ஒரு ஃபேஸ் பூஜ்யத்துக்கு விழுந்து மற்ற இரண்டும் 9.09-லிருந்து 15.75 கேவி வரை ஏறியிருந்தால் டெர்மினல் பக்கத்தில் முழு எர்த். அளவு குறைவாக இருந்தால் நியூட்ரலுக்கு அருகில், அல்லது ஈரம் போன்ற அரைகுறை எர்த்.

ஸ்டேட்டரைச் சந்தேகிக்கும் முன் வெளியே உள்ளதை ஒவ்வொன்றாகப் பிரித்து மெக்கர் பாருங்கள்: பிடி க்யூபிக்கிள், சர்ஜ் கெப்பாசிட்டர், லைட்னிங் அரெஸ்டர், பஸ் டக்ட் இன்சுலேட்டர், யூனிட் ஆக்ஸிலரி டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் லோ வோல்டேஜ் பக்கம். மழைக்குப் பிறகு, கடலோர நிலையங்களில், பஸ் டக்ட் இன்சுலேட்டரில் உப்பும் ஈரமும் படிந்து நடக்கும் ட்ரிப் வழக்கமானது. டக்ட்டின் அடியில் தேங்கிய தண்ணீர், ரப்பர் பெல்லோஸில் கிழிசல், ஹாட் ஏர் புளோயர் நின்றுபோனது மூன்றையும் பாருங்கள்.

கடைசியாக ஸ்டேட்டர். சுருளில் தண்ணீர் இருக்கும்போது சாதாரண மெக்கர் வைத்தால் தண்ணீர்ப் பாதையின் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்துக் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து இன்சுலேஷன் போய்விட்டது என்று ரிப்போர்ட் எழுதிவிடக் கூடாது. தண்ணீரை வடித்து, உலர்ந்த காற்று விட்டு நன்றாக உலர்த்தி அளக்கவும், அல்லது தண்ணீர்ச் சுருளுக்கென்றே உள்ள மெக்கரைப் பயன்படுத்தவும். பகுதி ஈரத்தோடு அளப்பது இரண்டையும்விட மோசம். ஒவ்வொரு ஃபேஸையும் தனியாக, மற்ற இரண்டையும் எர்த் செய்து அளந்து, ஒரு நிமிட, பத்து நிமிட அளவுகளைக் குறித்து, முந்தைய ஓவர்ஹால் எண்களோடும் அன்றைய சுருள் டெம்பரேச்சரோடும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் சுருளை எர்த் செய்து சார்ஜ் இறங்க விடுங்கள். 10 நிமிடம் மெக்கர் வைத்திருந்தால் அதைப் போல நாலு மடங்கு நேரமாவது எர்த்தில் இருக்கட்டும், அதற்கு முன் டெர்மினலில் கை வைக்க வேண்டாம்.